பத்து மீட்டர்

எடைமேடைச் சன்னலுக்கு அடியில்
எலி கடித்த வயர், இது மூன்றாவது.
செம்பனை எண்ணெய் வாசத்தில் வயர்கூட அதற்குப் பலகாரம்.
தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள்.
ஆபீசுக்குள் ஆந்தை வராது.

எலிக்காகத்தான் வயர் இல்லாதது வேண்டும் என்று
மேனேஜருக்கு எழுதினேன்.
மணிக்கட்டைப் பற்றி எழுதவில்லை.
உட்கார்ந்து செய்கிற வேலைக்கு என்ன வலி என்பார்.

ஒரு நாளைக்கு நூற்று நாற்பது லோரி.
வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை,
லோரி நம்பர், தோட்டத்தின் பெயர், ஓட்டுநர் பெயர்,
குலை பழமா காயா என்பதற்குத் தனிக் கட்டம்.
ராத்திரியானால் கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை
யாரோ ஈரத்துணி பிழிவார்கள்.

பதில் வந்தது: பட்ஜெட் அடுத்த வருடம்.
அதுவரை எலிப்பொறி.

சனிக்கிழமை அரைநாள். லாபிஸ் போனேன்.
சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில்
சியூ லிங்கின் கம்ப்யூட்டர் கடை,
அஞ்சடி வரைக்கும் அட்டைப்பெட்டி.
கையை நீட்டச் சொன்னாள், மலாயில்.
வளையல் கடையில் தவிர
என் கையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.
உள்ளங்கை அடியிலிருந்து நடுவிரல் நுனிவரை
பதினாறரை சென்டிமீட்டர். சின்னக் கை என்றாள்.

முதல் மவுஸ், பூசணிக்காயைப் பிடித்தது போல.
இரண்டாவது நிமிர்ந்து நின்றது.
பிடித்தால் தெரியாத ஒருவருக்குக் கைகொடுக்கிற மாதிரி
கொஞ்சம் கூச்சம்.
ஆனால் மணிக்கட்டு மேசையில் அழுந்தாமல்
சும்மா இருந்தது.
எத்தனை வருடமாயிற்று அது சும்மா இருந்து.

விசைப்பலகை நடுவில் பிளந்திருந்தது,
கூரை மாதிரி இரு பக்கமும் சரிந்து.
பழக்கத்தில் அடித்தேன்:
ஜே கியூ எஃப் நாலு நாலு ஒன்று ஏழு, மரியதாஸ்.
சரியாக விழுந்தது.
அடுத்து ஒரு சிலாங்கூர் லோரி, 'பி'யில் தொடங்குவது.
வலது ஆட்காட்டி விரல் போய்
நடுப்பள்ளத்தில் விழுந்தது.
'பி' இடது பாதியில் இருக்கிறது!
பதினேழு வருடமாகத் தப்பான கையால்
சிலாங்கூரை எடை போட்டிருக்கிறேன்.

சியூ லிங் சிரித்தாள். இரண்டு வாரம் திட்டுவீர்கள், பிறகு பழகிவிடும் என்றாள்.
சத்தமில்லாத சாவி வைத்த இன்னொன்றும் காட்டினாள்.
மில் இரைச்சலில் சாவிச் சத்தம் யாருக்குக் கேட்கிறது.
இரண்டும் சேர்த்து முன்னூற்றுப் பத்து வெள்ளி.
கேட்டுக் கேட்டு இருநூற்று எண்பத்தைந்து.

ஜெயசீலன் ரசீதைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
போன வருடம் அரிவாளுக்கு அலுமினியக் கம்பு வாங்க
கடையில் அரைநாள் நின்றவன் அவன்,
தூக்கி, இறக்கி, திரும்பத் தூக்கி.
"கனம் சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

காலையில் பையில் கொண்டுபோகிறேன்,
மாலையில் கொண்டுவருகிறேன்.
இரவு ஷிஃப்டு குணாளன் இடதுகைக்காரன்,
அந்த மவுஸ் அவனுக்கு ஆகாது.
டேப் சுற்றிய பழைய விசைப்பலகையே போதும் என்றான்.
நான் நம்பவில்லை. வற்புறுத்தவும் இல்லை.

ஒருநாள் ரிசீவரைப் பிடுங்க மறந்துவிட்டேன்.
நகம் அளவு துண்டு அது,
மில்லில், கம்ப்யூட்டருக்குப் பின்னால்.
நான் ஏழு கிலோமீட்டர் தள்ளி, கட்டிலில்.
பெட்டியில் எழுதியிருக்கிறது: பத்து மீட்டர் வரை.

மடியில் வைத்து அடித்தேன்.
லோரி நம்பர் இல்லை, எடை இல்லை,
வாக்கியம் பாட்டுக்கு நீண்டது,
'பி' வந்த இடத்தில் இடது விரல் தானாக எழுந்தது.

"என்ன அடிக்கிற?"

"தெரியல. இங்கருந்து எதுவும் போய்ச் சேராது."

"அப்ப நிறைய அடி" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.